இதுன் பெட்டிக்காரி

ஐஸ்லாந்தின் மேற்குக் கரை, கிளூமின் பண்ணை
முதல் குளிர்காலம் கழிந்து, கோடையின் ஏழாம் வாரம்

யோருன்,

"என் மனைவி யோருனுக்கு" என்றுதான் இந்த மரக்கோலில் முதலில் வெட்டினேன். அப்படி அழைக்கும் உரிமை இன்னும் எனக்கு இருக்கிறதா என்று பிறகு சந்தேகம் வந்தது. முன்னால் இருந்த இரண்டு சொற்களையும் கத்தியால் சீவிவிட்டேன். கோலின் தலைப்பக்கம் மெலிந்திருப்பது அதனால்தான். இந்த ஊரில் எழுத்து வெட்ட மரம் கிடையாது, கடலில் ஒதுங்கும் கட்டைகளுக்கே அடிபிடி. இந்த நான்கு கோல்களுக்காக மூன்று நாள் ஆட்டுக்கொட்டில் கூட்டியிருக்கிறேன். தயவுசெய்து அடுப்பில் போடாதே. போடத்தான் போகிறாய் என்றால் படித்துவிட்டாவது போடு.

கப்பல்காரன் ஊனி கொண்டுவந்து தருவான். அவனுக்கு எழுத்துத் தெரியாது, அதனால் கூச்சப்படாமல் எழுதுகிறேன்.

உயிரோடு இருக்கிறேன். நீ கேட்கமாட்டாய், நானாகவே சொல்லிக்கொள்கிறேன். கிளூம் என்கிற குடியானவன் என்னை வேலைக்கு வைத்திருக்கிறான். என்னைவிட ஐந்து வயது மூத்தவன், வாய் ஓயாதவன். இங்கே குளிர்காலத்தில் கம்பளி நூற்றபடி ஆளுக்கொரு கதை சொல்ல வேண்டும். என் முறை வந்தபோது இதுன் தேவியின் கதையைச் சொன்னேன். அவள் பெட்டியில் இருந்த ஆப்பிளைத் தின்றுதான் தேவர்கள் கிழடு தட்டாமல் இருந்தார்கள், ஒரு ராட்சசன் கழுகாக வந்து அவளைத் தூக்கிப்போனதும் எல்லோருக்கும் தலை நரைத்து முதுகு வளைந்தது, அவளை மீட்டுக் கொண்டுவந்த பிறகுதான் வசந்தமே திரும்பியது என்று சொல்லிக்கொண்டு போனேன். கிளூம் பாதியில் மறித்தான்.

"ஏம்ப்பா, ஆப்பிள் ஆப்பிள்ங்கிறியே, அது எப்படித்தான் இருக்கும்? கடல்நாய்க் கொழுப்பு மாதிரி வழவழன்னு இருக்குமா?"

"இல்ல. கடிச்சா சத்தம் வரும்."

"சத்தம் வருமா? அப்ப கருவாடுன்னு சொல்லு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு எழுந்து வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

யோருன், உன் தம்பி ஆரி என் கை அடியால் செத்தான். சபை எனக்கு மூன்று குளிர்காலம் நாடு கடத்தல் விதித்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. மூன்று முடிந்தபிறகு என்ன என்பதுதான் என்னைத் தின்கிறது. சபையில் உன் அப்பா ஓனுந்த் எழுந்து சொன்னது இன்னும் காதில் கேட்கிறது. "கோடை பொறக்குற திருநாளன்னிக்கு இதுன் பெட்டியத் திறந்து என் மக அவனுக்கு ஒரு துண்டு ஆப்பிள் குடுத்தான்னா, என் கூரைக்குக் கீழ அவன் உசுரோட உக்காந்து திங்கலாம். குடுக்கலையா, நான் கோடரிய எடுப்பேன்." இதுன் பேரால் உங்கள் வீட்டில் காக்கிற அந்த ஆப்பிள் பெட்டியின் சாவி உன் இடுப்பில் இருக்கிறது. இப்போதே எதையும் கேட்கவில்லை. ஒரு குளிர்காலம் போய்விட்டது, இன்னும் இரண்டு இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

நீ இல்லாத படுக்கையில் என் பக்கம் எது, உன் பக்கம் எது என்றே தெரியவில்லை. நடுவில் படுக்கவும் மனசு வரவில்லை.

ஸ்டெய்னார்


ஹார்டாங்கர் கழிமுகம், எங்கள் பண்ணை
அதே கோடை, புல் அறுப்பு முடிந்த மறுநாள்

ஸ்டெய்னாருக்கு,

உன் கோல்களை அடுப்பில் போடவில்லை. போடத்தான் எடுத்துப் போனேன். அடுப்பில் மீன் வெந்துகொண்டிருந்தது. அது வேகும்வரை நின்று படித்தேன், அதற்குள் கோபம் ஆறிவிட்டது. மீனும் தீய்ந்துவிட்டது.

நான் உன்னைப்போல் வளவள என்று எழுதமாட்டேன். இங்கே மரம் நிறைய இருக்கிறது, எழுத விஷயம்தான் இல்லை. அப்பா நலம். பசுக்கள் நலம். ஆரியின் பெண்சாதி குரோவா அவள் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை, எங்களோடுதான் இருக்கிறாள். பகலில் என்னோடு பாலைக் கடைகிறாள். பேசுகிறாள், சில நாள் சிரிக்கக்கூடச் செய்கிறாள். அவள் சிரித்தால் எனக்கு வேலை ஓடுவதில்லை.

கோடைத் திருநாள் எப்படிப் போயிற்று என்று தெரிய ஆசைப்படுவாய். பெட்டியைத் திறந்தேன். வைக்கோலுக்குள் பதினொரு ஆப்பிள் நன்றாக இருந்தது. எப்போதும்போல் வெட்டி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் என் கையில் ஒரு துண்டு மிஞ்சி நின்றது. பழக்கத்தில் ஆரிக்கும் சேர்த்து வெட்டியிருக்கிறேன். எல்லோரும் அந்தத் துண்டையே பார்த்தார்கள். குரோவாதான் எழுந்து வந்தாள். "அண்ணி, அத இப்படிக் குடுங்க, நான் தின்னுக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டாள். அவள் மெல்லும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

ஊர் வாயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓடையில் துணி அலசும்போது மேலப்பண்ணைக்காரி என் காதுபடவே பேசினாள். "நம்ம பெட்டிக்காரிக்கும் அந்த இதுனுக்கும் ஒரே ராசி போலடி. தேவர்கள் விருந்துல அந்தக் குசும்புக்கார லோகி அவளப் பாத்து என்ன கேட்டான்? கூடப் பொறந்தவனக் கொன்னவனையே கட்டிக்கிட்டுப் படுத்தவதானே நீன்னு கேட்டானா இல்லியா?" நான் துணியை முறுக்கிப் பிழிந்த தண்ணீரை அவள் கால்மேல் ஊற்றிவிட்டு வந்தேன். பெட்டிக்காரி செய்யக்கூடாத காரியம்தான். செய்தேன்.

உன்மேல் எனக்கு ஒரு ஆத்திரம் இருக்கிறது. அது நீ நினைக்கிற ஆத்திரம் இல்லை. சட்டம் சொல்பவர் சபையில் உன்னை மூன்று தடவை கேட்டார். "குதிரைச் சண்டையில கம்பெடுத்து அடிக்கிற அளவுக்கு உன்னத் தூண்டிவிட்டது யாரு?" நீ மூன்று தடவையும் மரம் மாதிரி நின்றாய். ஏன் நின்றாய்? ஏதாவது சொல்லியிருக்கலாம். திட்டியிருக்கலாம். அதை நினைக்கும்போதெல்லாம் கையில் இருப்பதைப் போட்டு உடைக்கத் தோன்றுகிறது.

ஆப்பிளைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்லமாட்டேன்.

உன் பக்கம் இடது பக்கம். அதைக்கூட மறந்துவிட்டாயா?

யோருன்


ஐஸ்லாந்து, கிளூமின் பண்ணை
இரண்டாம் குளிர்காலம் கழிந்து, ஆட்டு ரோமம் பறிக்கும் நாட்கள்

யோருன்,

இடது பக்கம். சரி. அன்றிலிருந்து சுவர் ஓரமாக இடது பக்கம் படுக்கிறேன். கிளூம் பார்த்துவிட்டு, "வலது பக்கத்துல யாருக்குப்பா எடம் பிடிச்சு வச்சிருக்க?" என்று கேட்டான். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். அவனே புரிந்துகொண்டு அன்றைக்கு முழுதும் வாயை மூடியிருந்தான். அது இந்தத் தீவில் பெரிய அதிசயம்.

இந்தக் குளிர்காலம் மோசம். தவிட்டுக்குக்கூட வழியில்லாமல் கருவாடும் புளித்த மோருமாக ஓட்டினோம். கடைவாய்ப்பல் இரண்டு போய்விட்டது. தாடியில் நரை விழுந்துவிட்டது. இதுனைத் தூக்கிப்போனபின் தேவர்கள் இப்படித்தான் ஒருவரையொருவர் பார்த்துத் திடுக்கிட்டிருப்பார்கள். கதை சொல்லும்போது அந்த இடத்தை நான் எப்போதும் சிரிப்பாகச் சொல்வேன். இனிமேல் அப்படிச் சொல்லமாட்டேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். அதைச் சுற்றிச் சுற்றி ஒரு மாதம் நடந்தேன். சட்டம் சொல்பவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, அதனால் சொல்லவில்லை. என்னை யாரும் தூண்டவில்லை, யோருன். இரண்டு குதிரையும் மோதிக்கொண்டிருந்தபோது என் குதிரையின் மூக்கில் ஆரி கம்பால் குத்தினான், நான் என் கம்பால் அவனை அடித்தேன். அவன் பின்னால் விழுந்த இடத்தில் கல் இருந்தது. கை என்னுடையது. அன்றைக்குக் காலையில் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்பதை நான் எவரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் போவதில்லை. இதை இத்தோடு விட்டுவிடு.

ஆரியை நினைக்காத நாள் இல்லை. உன் அப்பா இருமுவதுபோலவே கதவுக்குப் பின்னால் நின்று இருமுவானே, நாம் எல்லோரும் அலறியடித்துக்கொண்டு வேலையைத் தொடங்குவோமே. போன வாரம் கிளூம் கொட்டிலில் இருமினான். நான் சட்டென்று எழுந்து மண்வெட்டியை எடுத்துவிட்டேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவனுக்காக அழ எனக்கு உரிமை இருக்கிறதோ இல்லையோ, அழுகை வந்துவிட்டது.

நீ பெட்டியைத் திறக்கும்போது கூடம் முழுவதும் வருமே அந்த வாசனை, அதை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். வரமாட்டேன் என்கிறது. உன் முகம் வருகிறது, குரல் வருகிறது, குளிரில் நீ என் முழங்கால்களுக்கு நடுவில் திணிக்கிற பாதம்கூட வருகிறது. வாசனை மட்டும் வரவில்லை.

இந்தத் தடவை கேட்டுவிடுகிறேன். இன்னும் ஒரு குளிர்காலம்தான் பாக்கி. நான் திரும்பி வந்தால் எனக்கு ஒரு துண்டு கொடுப்பாயா?

ஸ்டெய்னார்


ஹார்டாங்கர், பண்ணை
அதே கோடை, ஊனியின் கப்பலில் சரக்கு ஏற்றும் நாள்

ஸ்டெய்னாருக்கு,

ஊனி அவசரப்படுத்துகிறான். காற்று நன்றாக இருக்கிறதாம், இந்த ஆண்டு இரண்டு நடை அடித்துவிடுவானாம். அதனால் மனசில் வருவதை அப்படியே வெட்டுகிறேன்.

இந்தத் திருநாளுக்குப் பெட்டியைத் திறந்தபோது பாதிக்குமேல் அழுகியிருந்தது. ஆறு ஆப்பிள்தான் தேறியது. குளிர் அதிகம், வைக்கோல் ஈரம் என்று ஆளாளுக்குச் சமாதானம் சொன்னார்கள். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். துண்டைச் சின்னதாக்கி எல்லோருக்கும் கொடுத்தேன். முற்றத்து ஆப்பிள் மரங்களும் இந்த ஆண்டு பிந்தித்தான் பூத்தன. கோடை பிறந்து எட்டு வாரம் கழித்து! அப்பா காலத்தில் அப்படி நடந்ததில்லையாம்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் தளர்ந்துவிட்டார். போன வாரம் மீன்வலை பிரித்துக்கொண்டிருந்தபோது நிமிராமலே கேட்டார்.

"அடுத்த வருஷம் அவன் வந்தா, குடுத்துடுவியா?"

நான் வலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குடுத்துடு தாயி. எனக்கு ஒரு மகன்தான் போனான். நீ என்னடான்னா புருஷனும் இல்லாம, தம்பியும் இல்லாம நிக்கிற. உன் கையால குடுத்துட்டேன்னா நானும் கோடரியக் கொண்டுபோய்க் கொல்லையில போட்டுருவேன்."

அப்பா இறங்கி வந்துவிட்டார். உன் பேச்சு வந்தாலே எழுந்து போகிற குரோவாகூட அன்றைக்கு உட்கார்ந்துதான் கேட்டாள். எல்லாம் கூடிவருகிறதே என்று நீ சந்தோஷப்படுவாய். நான் வலையை அப்படியே போட்டுவிட்டு மாட்டுக்கொட்டிலுக்கு ஓடினேன்.

ஸ்டெய்னார், என்னிடம் ஆப்பிள் கேட்காதே. உன்னால் இல்லை. உன்னை நான் எப்போது மன்னித்தேன் என்று எனக்கே தெரியாது. முதல் கோல் வந்தபோதா, அதற்கும் முன்னாலா! ஆனால் என் கையால் நீ ஆப்பிள் வாங்க முடியாது. ஏன் என்று வெட்டத்தான் கத்தியை எடுத்தேன், கை ஓடவில்லை. "யாரும் தூண்டவில்லை" என்று நீ எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஊனி கூப்பிடுகிறான். பல் வலித்தால் பூண்டு கேட்டு வாங்கு என்று எழுத வந்தேன். அங்கே பூண்டுக்கு எங்கே போவாய்! உன் தாடி நரைத்ததை நான் பார்க்கவேண்டும்.

யோருன்


ஐஸ்லாந்து, கிளூமின் பண்ணை
கோடையின் கடைசி வாரங்கள், ஆடுகளை மலையிலிருந்து இறக்கும் முன்

யோருன்,

உன் கடிதத்தைப் பத்துத் தடவை படித்தேன். மன்னித்துவிட்டேன் என்கிறாய், ஆப்பிள் தரமுடியாது என்கிறாய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தும் எனக்கு விளங்கவில்லை. மன்னித்தவள் கொடுக்காமல் இருக்க ஒரே ஒரு காரணம்தான் எனக்குத் தோன்றுகிறது. மனசு மன்னித்துவிட்டது, கை மன்னிக்கவில்லை. ஆரியின் ரத்தம் ஓடுகிற கை அது. அதைக் குறைசொல்ல நான் யார்?

வருத்தம் இல்லையென்று சொன்னால் பொய். உன் கோல் வந்த அன்று ஆடு எண்ணப் போனேன், நான்கு தடவை எண்ணினேன், நான்கு தடவையும் வேறு வேறு கணக்கு வந்தது. கிளூம் பார்த்துவிட்டு, "ஊர்லேருந்து வந்த கட்டையில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டான். சொன்னேன். அவன் தாடியைச் சொறிந்துகொண்டான்.

"இங்க பாரு ஸ்டெய்னார், ஆத்துக்கு அந்தப் பக்கம் எனக்கு ஒரு துண்டு நிலம் சும்மாதான் கெடக்கு. வீடு கட்டிக்க. கல்லு நெறைய இருக்கு, புல்லுகூட கொஞ்சம் இருக்கு. நீ போயிட்டேன்னா எனக்கும் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது."

"நான் எங்க பேசுறேன்? நீதானே பேசுற."

"அதத்தான் சொல்றேன். கேக்குறதுக்கு ஆள் வேணாமா?"

நல்ல மனிதன். அவனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ஊனி இந்தக் குளிர்காலம் உங்கள் பக்கம் தங்கிவிட்டு, அடுத்த கோடையில் இங்கே வருகிறான். கோடைத் திருநாள் அதற்குமுன் வந்துவிடும். அன்றைக்குப் பெட்டியைத் திறக்கும்போது ஒரு துண்டை எடுத்துக் காயவைத்து அவனிடம் கொடுத்தனுப்பு. ஆனால் மனசு கேட்டால் மட்டும். அந்தத் துண்டு வந்தால் அதே கப்பலில் ஏறி வீட்டுக்கு வருகிறேன். வராவிட்டால் ஆற்றுக்கு அந்தப் பக்க நிலத்தை எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் நீ சாட்சிகளை அழைத்து, வீட்டு வாசலில் நின்று, இந்தக் கல்யாணக் கட்டு அறுந்தது என்று சொல்லிவிடு. உன்னைக் கட்டிவைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்க எனக்கு விருப்பமில்லை.

இதை ஆட்டுக்கொட்டில் இருட்டில் உட்கார்ந்து வெட்டுகிறேன். கோணல்மாணலாக இருந்தால் அதுதான் காரணம், வயது இல்லை.

உன்னை எவ்வளவு தேடுகிறேன் என்று எழுத இந்தத் தீவில் கட்டை போதாது. அதனால் எழுதவில்லை.

ஸ்டெய்னார்


ஊனியின் கப்பல்
மூன்றாம் குளிர்காலம் கழிந்து, கோடையின் ஆறாம் வாரம்

ஸ்டெய்னாருக்கு,

ஆப்பிள் துண்டு இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஊனியின் மடியைத் தடவிப் பார்க்காதே. ஆனால் இதை முழுவதும் படி. நீ படித்து முடிக்கும்முன் வேறு எதையும் செய்யவேண்டாம்.

குதிரைச் சண்டை நடந்த அன்று காலை, பால் கறக்கும் இடத்தில், நாலு பெண்கள் நடுவில் நான் உன்னிடம் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. "இன்னைக்கும் ஆரி குதிரைகிட்ட தோத்துட்டு வந்தேன்னு வை, என் பாவாடைய நீ கட்டிக்க, உன் கால்சட்டைய நான் போட்டுக்கிறேன்." எல்லோரும் சிரித்தார்கள். உன் காது சிவந்தது. அதைப் பார்த்து நான் இன்னும் கொஞ்சம் சிரித்தேன். நம் நாட்டில் பெண்டுகள் புருஷனைக் கிளப்பிவிடுவது விளையாட்டுத்தான், எல்லோரும் செய்வதுதான். அந்தக் கம்பை எடுத்து உன் கையில் கொடுத்ததும் நான்தான்.

சட்டம் சொல்பவர் உன்னைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். கோவில் வளையத்தில் கைவைத்து, நான் உன்னைத் தூண்டவில்லை என்று சத்தியம் செய்தேன். தூண்டினேன் என்று சொல்லியிருந்தால் குற்றம் நம் இருவருக்கும் பங்காகியிருக்கும், உனக்கு ஒரு குளிர்காலத்தோடு போயிருக்கும். எனக்கு அது தெரியும். குரோவா என் பக்கத்தில் நின்றாள். அவள் கை என் கைக்குள் இருந்தது. உண்மையைச் சொன்னால் அந்தக் கையை அவள் உருவிக்கொள்வாள் என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம், அதற்குமேல் பெரிதாக ஒன்றுமில்லை. மற்ற பெண்களும் எனக்காக வாயை மூடிக்கொண்டார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்தும் மரம்போல் நின்றாய். இரண்டு குளிர்காலத்தை எனக்காக நீ சுமந்தாய், ஸ்டெய்னார். அதை ஒரு கோலில்கூட நீ சொல்லிக்காட்டவில்லை.

பொய்ச் சத்தியம் செய்தவள் இதுன் பெட்டியில் கைவைக்கக் கூடாது. இது சின்னப் பெண்களுக்குக்கூடத் தெரியும். நான் இரண்டு திருநாள் வைத்தேன். என் பங்குத் துண்டை மட்டும் தின்னவில்லை, சட்டைக்கைக்குள் ஒளித்து ஆட்டுக்குப் போட்டேன். பண்ணையிலேயே இப்போது அந்த ஆடுதான் இளமையாக இருக்கிறது. நீ ஆப்பிள் கேட்டபோது, அழுகிப்போன சத்தியத்தோடு உனக்கு எப்படிக் கொடுப்பேன்? அது சமாதானம் ஆகாது. அதை நம்பி நீ அந்தக் கூரைக்குக் கீழ் உட்கார்ந்திருப்பாய்.

இந்தக் கோடைத் திருநாளில் எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் பெட்டியைத் திறக்காமல் சாவியை மேஜைமேல் வைத்தேன். குதிரைச் சண்டையன்று காலையில் நான் சொன்ன பேச்சு, வளையத்தில் செய்த சத்தியம், எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். குரோவாதான் கேட்டாள்.

"மூணு வருஷமா என்கூட உக்காந்து பால் கடைஞ்சீங்களே அண்ணி. ஒருநாள்கூடவா வாய்வரைக்கும் வரல?"

"தினமும் வந்துச்சு."

"வந்தா துப்பித் தொலைச்சிருக்கலாமில்ல?"

அவள் சாவியை எடுத்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டாள். பெட்டியைத் திறந்து, அவளே வெட்டி, எல்லோருக்கும் கொடுத்தாள். என் முன்னால் வந்து நின்றாள். "அவனுக்கு என் கையால கெடைக்காது. உங்களுக்கும் கெடைக்காது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு நகர்ந்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கூரைக்குக் கீழ் இப்போது உனக்கும் இடமில்லை, எனக்கும் இடமில்லை. சட்டம் சொல்பவர் என்ன விதிப்பார் என்று காத்திராமல் நானே கிளம்பிவிட்டேன்.

ஆமாம், கிளம்பிவிட்டேன். இதை நான் கப்பலில் உட்கார்ந்து வெட்டுகிறேன். கரையில் என்னை வழியனுப்ப யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். குரோவா வந்தாள். ஒரு பொதி கருவாடும் கம்பளியும் கொண்டுவந்து ஊனியிடம் கொடுத்தாள், என்னிடம் தரவில்லை. கயிறு அவிழ்த்த பிறகுதான் கத்தினாள். "போய்ச் சேந்ததும் சொல்லியனுப்புங்க! மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதீங்க. சொல்லியனுப்புங்க, அவ்வளவுதான்!" அப்பா மேட்டில் நின்றார். கையை ஆட்டவில்லை, ஆனால் கப்பல் திரும்பும்வரை நின்றார்.

இதையெல்லாம் நேரில் உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வராது. உன் முகத்தைப் பார்த்தால் பாதியில் வேறு ஏதோ பேச ஆரம்பித்துவிடுவேன். அதனால்தான் கப்பல் நங்கூரம் போட்டதும் ஊனியிடம் முதலில் கோல்களை மட்டும் கொடுத்து அனுப்புகிறேன். நீ படிக்கும்போது நான் கப்பலிலேயே இருக்கிறேன். என்மேல் உனக்கு வெறுப்பு வந்தால் கரைக்கு வராதே, நான் புரிந்துகொள்வேன். ஊனி என்னைத் தெற்கே வேறு துறையில் இறக்கிவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். எங்காவது பால் கறக்க ஆள் தேவைப்படும்.

ஆனால் நீ வரவேண்டும், ஸ்டெய்னார். மூன்று வருஷமாக நான் வேறு எதையும் விரும்பவில்லை. என்னிடம் பெட்டி இல்லை, சாவி இல்லை, யாரையும் இளமையாக்குகிற எதுவும் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கல்லும் கொஞ்சம் புல்லும் இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, எனக்கு அது போதும். நாம் இருவரும் அங்கே கிழடாகலாம்.

வந்தால் படகை ஒட்டி நிறுத்து. இரண்டு வாரம் கப்பலில் குந்தியிருந்து முழங்கால் பிடித்துக்கொண்டது, தனியாக இறங்க முடியவில்லை. கை கொடு.

யோருன்